அக்காவின் பாஸ்போர்ட்டுக்கு ஒரு கையெழுத்து

1

ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்போதெல்லாம் ஒரே கேள்வியோடு முடிகின்றன: "மேடானுக்குச் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போக என்னென்ன வேண்டும்?" வேலைக்கு அல்ல, வியாபாரத்துக்கும் அல்ல, சும்மா. நான் கப்பல் ஏறிய காலத்தில் மயிலாப்பூரில் யாரும் சும்மா கடல் தாண்டியதாகக் கேள்விப்பட்டதில்லை.

நான் சுமத்ராவில், மேடானுக்குத் துறைமுகமான பெலாவானில், ஒரு கப்பல் ஏஜெண்டிடம் குமாஸ்தா. வந்து இறங்குகிற தமிழர்களுக்கு டச்சு அதிகாரியின் காகிதங்களை நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. ஆகவே என்னைக் கேட்பதில் தப்பில்லை. சொல்கிறேன். பாஸ்போர்ட் வேண்டும். அதில் டச்சுக் கான்சலின் விசா முத்திரை வேண்டும். போட்டோ இரண்டுக்குப் பதில் நாலாக வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் கப்பல் மாறும்போது எவனாவது ஒன்று கேட்பான். அம்மை குத்திக்கொண்ட சர்ட்டிபிகேட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் மடியில் வையுங்கள். திரும்பிப் போவதற்கான டிக்கெட்டும், இங்கே உங்களை ஏற்றுக்கொள்கிறவரின் கடிதமும் இல்லாவிட்டால், மேடான் பார்க்க வந்தவர் பெலாவானில் காகிதம் சோதிக்கிற ஷெட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இவ்வளவும் ஒரு கார்டில் அடங்கிவிடும். போன வாரம் மதராஸிலிருந்து ஓர் அம்மாள் தனியாக வந்து இறங்கினார், மகனைப் பார்க்க. அவருக்காக எழுதிக்கொண்டு வந்தவன், 'மனைவியா, விதவையா' என்ற இடத்தில் பேனாவைத் தூக்கிவிட்டேன். "அவரு போயி பத்து வருஷமாச்சு தம்பி, எழுதிக்கோ" என்று அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். எழுதினேன். ஆனால் அன்றைக்கு முழுவதும் ஆபீஸில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாமல் என் அக்கா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2

ஆறு வருஷத்துக்கு முன் மூன்று மாத லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மேடானுக்கு வந்த எட்டு வருஷத்தில் அதுதான் முதல் லீவு. மனைவி மரகதத்தையும் பையனையும் இங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத்தான் போனேன்.

அக்கா பெயர் லோகநாயகி. எனக்கு ஆறு வயது மூத்தவள். சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சர். அவள் புருஷன் கட்டட மேஸ்திரி. கோலாரில் ஒரு காண்டிராக்ட் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒன்பது வருஷமாகத் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. அப்பா அம்மா இருவரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அக்காவுக்கென்று இருந்த ஒரே ஆண்பிள்ளை நான். நானும் கடல் தாண்டிவிட்டேன்.

நான் வந்த நாலாம் நாள், மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டா, வர்ற கோடையில பள்ளிக்கூடம் ரெண்டு மாசம் லீவு. நான் ஒரு தடவை உன்கூட வந்து பார்த்துட்டு வரக்கூடாதா?"

"எதைப் பார்க்க?"

"எதையாவது. காஞ்சிபுரத்தைத் தாண்டி நான் எங்கேயும் போனதில்லை. தினமும் இதே தெரு, இதே குளம், இதே மாடவீதி. கால் அரிக்குதுடா."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பையன் அத்தையைப் பார்த்ததே இல்லை. பாஸ்போர்ட் ஒரு பெரிய காரியமில்லை என்று நினைத்துக்கொண்டு மறுநாளே அவளை டிராமில் அழைத்துப் போனேன்.

3

ஆபீஸில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். பக்கத்து மாடவீதிக்காரர்தான் என்று பேச்சிலேயே தெரிந்தது. விண்ணப்பத்தை அவரே எங்களுக்குப் படித்துச் சொல்லி எழுதிக்கொண்டு வந்தார். பெயர், பிறந்த ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் ஆயிற்று.

"அம்மா சுமங்கலிதானே? ஆத்துக்காரர் பேர் சொல்லுங்கோ. அவர் சம்மதம்னு ஒரு காகிதத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு, அதை ஒரு மாஜிஸ்திரேட் சாட்சி பண்ணணும். கொண்டு வந்திருக்கேளா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்க பாருங்கோ, சார். சம்சாரம்னா அவர் கையெழுத்து வேணும். விதவைன்னா அதுக்கு அத்தாட்சி வேணும். நடுவுல இன்னொண்ணு எழுத இதுல இடம் கெடயாது."

பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒன்பது வருஷம்னு சொல்றேள். ஒரு தகவலும் இல்லேங்கறேள். பெரிய மனுஷா ரெண்டு பேர் தெரிஞ்சவரை அவர் உயிரோட இல்லைன்னு எழுதிக் கொடுத்தா, மேலே அனுப்பிப் பார்க்கலாம்" என்றார்.

திரும்பி வரும்போது டிராமில் நான்தான் பேசினேன். "அப்படியே செஞ்சுடலாம் அக்கா. வெறும் காகிதம்தானே. யாருக்குத் தெரியப்போகுது."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். லஸ்ஸில் இறங்கும்போதுதான் வாய் திறந்தாள்: "சரி."

4

மறுநாள் காலை போட்டோ எடுத்துக்கொள்ளப் புறப்பட்டோம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். நேரமாகவே, உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா சுவர்க் கண்ணாடியின் முன் நின்று, ஈரத்துணியால் நெற்றிப் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாலியை ஏற்கெனவே ரவிக்கைக்குள் தள்ளி, முந்தானையால் கழுத்தை மூடியிருந்தாள்.

"என்ன பண்றே?"

"விதவைன்னு எழுதிட்டுப் பொட்டோட நின்னா பார்க்கிறவன் கேட்க மாட்டானா? போட்டோவுக்குத்தானே. வந்து வெச்சுக்கிட்டாப் போச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் துணியை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பொட்டு பாதி அழிந்து நெற்றியெல்லாம் சிவப்பாக இழுபட்டிருந்தது.

எட்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. மரகதத்திடம்கூடச் சொன்னதில்லை. அதை அப்போது சொல்லும்படி ஆகிவிட்டது.

"அக்கா, துடைக்காதே. அவர் இருக்காரு."

அவள் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். "எங்கே?"

"மாம்பலத்துல. நான் பார்த்தேன்."

"எப்போ?"

"மொதல்ல மேடானுக்குக் கப்பல் ஏறுறதுக்கு எட்டு நாள் முன்னாடி."

நடந்தது இதுதான். மாம்பலத்தில் அப்போது ஏரியைத் தூர்த்து மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிநேகிதனிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தேன். எங்கே பார்த்தாலும் செம்மண், செங்கல் வண்டி. அதன் நடுவே குடை பிடித்துக்கொண்டு நின்றார் என் அக்கா புருஷன் சிங்காரவேலு. தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று அவர் தலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் ஒரு செங்கல் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி, வந்த வழியே திரும்பிவிட்டேன். வீட்டில் சொல்லியிருந்தால் சண்டை, பஞ்சாயத்து, வக்கீல் என்று ஆகியிருக்கும். அக்காவைத் தனியே விட்டுவிட்டு என்னால் புறப்பட்டிருக்க முடியாது. சட்டைப்பையில் கப்பல் டிக்கெட் இருந்தது. அவர் மாதிரி யாரோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் நம்பவில்லை, ஆனாலும் கப்பல் ஏறினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நீ புறப்படறதுக்கு மொதல் நாள் கோலாருக்கு ஒரு கடுதாசி போட்டேன். அதுக்கு அட்ரஸ் எழுதிக் குடுத்தது நீதான்."

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, குங்குமத்தை எடுத்து, புதிதாகப் பொட்டு வைத்துக்கொண்டாள். வழக்கத்தைவிடப் பெரிதாக. அப்படியே லஸ் ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தாள். போட்டோக்காரர் முகத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளச் சொன்னார். அவள் தளர்த்தவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை ஜட்கா பிடித்துத் தேனாம்பேட்டை வழியாக மாம்பலம் போனோம். எனக்கு இடம் அடையாளமே தெரியவில்லை. நான் செம்மண்ணாகப் பார்த்த இடத்தில் நேர் நேராக ரோடுகள், நடுவே பெரிய பூங்கா, மரக்கன்றுகளுக்கு மூங்கில் வேலி. கலவை குழைத்துக்கொண்டிருந்த ஓர் ஆளிடம் விசாரித்தேன்.

"சிங்காரவேலு மேஸ்திரியா? இன்னாத்துக்கு, வூடு கட்டவா? அதோ தெரிதே ஓட்டு வூடு, அதாங்க. இப்பத்தான் ஊட்டாண்ட போய்க்கினு இருந்தாரு, சீக்கிரமா போ."

வாசலில் கோலம் போட்டிருந்தது. ஒரு பெண்மணி வந்து கதவைத் திறந்தாள், அக்கா வயதுதான் இருக்கும். வீடு கட்டும் விஷயமாக வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பாய் போட்டாள். பதினோரு பன்னிரண்டு வயதுப் பெண் ஒன்று மோர் கொண்டுவந்து வைத்தது. உள்ளேயிருந்து அவர் துண்டால் கை துடைத்துக்கொண்டே வந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. தலை நன்றாக நரைத்திருந்தது.

என்னென்னவோ நடக்கப்போகிறது என்று நான் பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அக்கா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "ஒரு கையெழுத்து வேணும்."

"என்ன இது?" அவர் கையை நீட்டவில்லை. ஜீவனாம்ச நோட்டீஸ் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"சம்மதக் கடுதாசி. நான் மேடானுக்குப் போறேன்."

"எதுக்கு?"

"பார்க்கிறதுக்கு."

அவர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திருப்பினார். கண்ணாடி இல்லாமல் படிக்கத் தடுமாறினார். அந்தப் பெண் குழந்தை ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் உரக்கப் படிக்க ஆரம்பித்தது: "மயிலாப்பூரில் வசிக்கும் என் மனைவி லோகநாயகி அம்மாள் அயல்நாடு சென்று வர எனக்குப் பூரண..."

அதற்குமேல் அது படிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது. அந்தப் பெண்மணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் கையெழுத்துப் போட்டார். மசி கொட்டிவிட்டது. அக்கா அதை ஊதி உலர்த்தி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசற்படி இறங்கும்போது அந்தப் பெண்மணியிடம் மட்டும் பேசினாள்.

"பொண்ணு தடங்கலில்லாமப் படிக்குது. நிறுத்தாமப் படிக்க வையுங்க."

6

கையெழுத்துக்குச் சாட்சி சொல்ல, அப்பாவுக்குத் தெரிந்த ஒரு ரிடையர்டு மாஜிஸ்திரேட் அடையாற்றில் இருந்தார். அன்றைக்கே போனோம். மாம்பலத்திலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு ஜட்கா மாற வேண்டியிருந்தது. வழி முழுவதும் அக்கா என்னோடு பேசவில்லை. பாலத்தருகே காற்று பலமாக அடித்தபோது பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் காகிதத்தைப் படித்துவிட்டு, "உன் கண்ணெதிர்ல போட்டதுதானே அம்மா?" என்று மட்டும் கேட்டார். "என் கண்ணெதிர்லதான்" என்றாள் அக்கா. அவர் பேனாவை எடுத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

பாஸ்போர்ட் வந்தது. டச்சு விசாவும் கிடைத்தது. கப்பலில் "சாப்பிட்டியா", "கதவைச் சாத்து", இந்த மாதிரிதான் எங்கள் பேச்சு. பினாங்குக்குப் போய்ச் சேரும்வரை அவள் மேல்தளத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

பெலாவானில் அவளுடைய காகிதங்களைப் பார்த்த மலாய்க் குமாஸ்தா என் சிநேகிதன். பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு அக்காவைப் பார்த்து, "சுவாமி மானா?" என்று கேட்டான். மலாய் மொழியில் புருஷனைச் 'சுவாமி' என்பார்கள். 'மானா' என்றால் எங்கே. நான் பதில் சொல்வதற்குள், 'சுவாமி' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அக்கா முந்திக்கொண்டாள்.

"சுவாமியா? மயிலாப்பூர்ல கோயில்ல இருக்காருன்னு சொல்லுடா. இங்கேயும் கோயில் இருக்கான்னு நான் பார்க்கணும்."

விஷயத்தை விளக்கினேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை, அந்த ஷெட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். குமாஸ்தாவும் என்னவென்று தெரியாமலே சிரித்துக்கொண்டு முத்திரை குத்தினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

7

அவளுக்குக் கிடைத்த அனுமதி ஆறு மாதம். இருந்தது ஐந்து வாரம்.

என் பையன் குமரன் அப்போதுதான் டச்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். 'அத்தை' என்று சொல்லச் சொன்னால் 'தாந்தே' என்பான். டச்சுக்காரப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அக்கா இரண்டு நாள் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். "தாந்தேன்னா தாந்தேதான். கூப்பிட்டாப் போதும்" என்றாள். அவன் வாயில் பாதி மலாய், கொஞ்சம் டச்சு, சாதம் போடும்போது மட்டும் தமிழ். அக்காவுக்கும் அவனுக்கும் எப்படியோ புரிந்தது. காலையில் பள்ளிக்கூடம்வரை இருவரும் நடந்தே போவார்கள். பிறகு அவள் தனியே ஊர் சுற்றுவாள். நான் எட்டு வருஷத்தில் பார்க்காத தெருக்களையெல்லாம் அவள் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டாள். இந்த ஊருக்கு இன்னும் புதிதாக வந்தவனாகவே இருக்கிறேனே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"இங்கேயே இருந்துடுங்க அண்ணி. தையலுக்கு இங்கே நல்ல கிராக்கி" என்று மரகதம் கெஞ்சினாள்.

"பார்க்க வந்தேன். பார்த்துட்டேன்" என்றாள் அக்கா.

திரும்பிப் போகிற அன்று துறைமுகத்தில், அவள் பெட்டியை ஏற்றிவிட்டு வந்து கேட்டேன். "என்மேல இன்னும் கோபமா?"

கப்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் மேலயே எனக்குக் கோபம் வரலைடா. அவர் விட்டுட்டுப் போனார், அவ்வளவுதான். நீ சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியலை. அழுதிருப்பேனோ, அடிச்சிருப்பேனோ, அன்னிக்கே இப்படிக் கப்பல் ஏறியிருப்பேனோ. அதைத் தெரிஞ்சுக்க விடாம வெச்சுட்டியே, அதுதான்."

கப்பலில் ஏறிக் கம்பியோரம் நின்றாள். கையை ஆட்டினாள், குமரனைப் பார்த்து.

8

அன்று வீடு திரும்பியதும் மரகதம் கேட்டாள்: "அஞ்சு வாரமா அண்ணி உங்க முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலையே, ஏன்?" எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அரிசி களைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்:

"எங்க அம்மாகிட்டேருந்து வந்த கடுதாசி எல்லாத்தையும் எனக்குக் குடுத்திருக்கீங்களா?"

எல்லாவற்றையும் கொடுத்திருந்தேன். அது சத்தியம். ஆனாலும் உடனே பதில் வரவில்லை எனக்கு. அந்த ஒரு நிமிஷத்தை அவள் கவனித்தாள்.

அதிலிருந்து ஊர்த் தபால் எதையும் நான் பிரிப்பதில்லை. மரகதம்தான் பிரித்து உரக்கப் படிக்கிறாள். அக்கா மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள், மரகதத்தின் பெயருக்கு. ஒரு லீவில் இன்னொரு டீச்சரோடு கொழும்பு பார்த்துவிட்டு வந்தாள். மறு லீவில் ரங்கூன். காகிதங்களுக்கு அவளே அலைந்து, அவளே வாங்குகிறாள். குமாஸ்தாக்களை எப்படிப் பேச வைப்பது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள். சிங்காரவேலுவைப் பற்றி ஒரு வரி இருந்ததில்லை. என்னைப் பற்றியும் 'தம்பிக்குச் சொல்லவும்' என்பதற்குமேல் இருந்ததில்லை.

போன மாதக் கடிதத்தின் கடைசியில் மட்டும் புதிதாக ஒரு வரி இருந்தது. மரகதம் அதை இரண்டு தடவை படித்தாள். "மறுபடி மேடான் வர உத்தேசமில்லை. பார்க்க வேண்டுமென்றால் தம்பியை மதராஸுக்கு வரச் சொல்."

எனக்கு மூன்று மாத லீவு சேர்ந்திருக்கிறது. குமரன் தனக்கு என்ன விசா வேண்டும், எத்தனை போட்டோ வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு மதராஸில் இறங்க விசா வேண்டாம். என்னை ஏற்றுக்கொள்கிறவரின் கடிதமும் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். தினமும் காலையில் ஆபீஸுக்குப் போனதும் லீவு விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைக்கிறேன். கப்பல் வந்து ஜனங்கள் வரிசையில் நின்றதும் ஓரமாக நகர்த்திவிட்டு அவர்கள் காகிதங்களை எழுத ஆரம்பித்துவிடுகிறேன். இன்றுவரை அதில் கையெழுத்துப் போடவில்லை.